மௌனத்தில் ஒரு எழுத்துப்பிழை

வில்லாவுட்னு சொன்னா சிட்னித் தமிழர்கள் பலருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது தடுப்பு முகாம்தான். நான் இந்த ஊர்ல இருக்கறதுக்குக் காரணம் ரொம்பச் சாதாரணம்: வாடகை. முதுகலைப் படிப்பு, பகுதிநேர வேலை ரெண்டும் போக மிச்ச நேரத்துல நான் பார்க்கற வேலைதான் கொஞ்சம் விசித்திரம். மென்பொருள்களோட உதவிக் கையேடுகளைப் படிச்சு எழுத்துப்பிழை திருத்தறது. காசு கிடையாது. "கையேட்டை யாருடா படிக்கறா? அதுல பிழை இருந்தா என்ன, இல்லேன்னா என்ன?" இது அறை நண்பன்.

நியாயமான கேள்விதான். வேலை தெரிஞ்சவன் கையேட்டைத் தொடமாட்டான். அதனாலதான் அதுல இருக்கற பிழை எல்லாம் தெரியாதவங்க தலையிலேயே விடியுது.

பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரங்க. இணையவழி ஆங்கில வகுப்புல சேர்ந்திருக்காங்க. வகுப்புக்குள்ள நுழையும்போதே மைக் அணைஞ்சிருக்கணும், இல்லேன்னா குக்கர் விசில் வாத்தியாருக்குக் கேக்கும் :-) திரையைத் தமிழ்ல வச்சிருந்ததால, உதவிப் பக்கத்துல "மௌனம்"னு தட்டித் தேடியிருக்காங்க. ஒண்ணுமே வரலை. "எனக்குத்தான் எழுதத் தெரியேல்லப் போல, தம்பி" என்றார்கள்.

அக்கா எழுதினது சரி. பிழை கையேட்டுல. மகரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்துல ளகரத்தைத் தட்டி வச்சிருந்தாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கணினிக்கோ அது "மெ-ள-னம்", வேற சொல். (ஔவையாருக்கும் இணையத்துல இதே கதிதான். ஒகரமும் ளகரமுமா பாதிப் பக்கங்கள்ல நிக்கிறார்.) அச்சுப் புத்தகமா இருந்தா குடி முழுகியிருக்காது. தேடித்தான் படிக்கணும்கற இடத்துல, அந்தப் பக்கமே இல்லாத மாதிரி ஆயிடுது. கோப்பு முழுக்கத் தேடினேன், ஏழு இடம். திருத்தி அனுப்பினேன், அடுத்த வெளியீட்டுல சரியாயிடுச்சு.

ஆங்கிலக் கையேட்டுல இன்னொரு ரகம். கட்டளையில ரெண்டு சின்னக் கோடு வரணும். எழுதினவரோட சொற்செயலி 'அழகா இருக்கட்டும்'னு ரெண்டையும் சேர்த்து ஒரு நீளக்கோடா மாத்திடும். படிக்கறவர் அப்படியே காப்பி பண்ணிப் போடுவார். ஓடாது. அவரும் தன்னைத்தான் நொந்துக்குவார்.

சரி, பிழையைப் பார்த்தா உடனே திருத்திட வேண்டியதுதானே? அங்கதான் ஒரு சிக்கல். பல கட்டற்ற மென்பொருள்கள் பயன்படுத்தற கெட்டெக்ஸ்ட் முறையில ஆங்கில வாக்கியமேதான் மொழிபெயர்ப்புக்குச் சாவி. ஆங்கிலத்துல ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினாலும், தமிழ், சிங்களம், வியட்நாமியம்னு எல்லா மொழியிலும் அந்த வரிக்கு 'ஃபஸி'ன்னு முத்திரை விழலாம். ஒருத்தர் பார்த்து ஒப்புதல் தர்ற வரைக்கும் அந்த வரி ஆங்கிலத்துலதான் தெரியும். வெளியீட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி 'இனி வாக்கியங்கள்ல கை வைக்காதீங்க'ன்னு க்னோம் மாதிரி திட்டங்கள் தடை போடறது இதனாலதான். ஆள் குறைவான மொழிக்குழுன்னா அந்த வரி மாசக்கணக்கா அப்படியே கிடக்கும்.

ஆக, பிழையைச் சீக்கிரம் பிடிக்கணும். பிடிக்காம விட்டா என்ன ஆகும்? 1996-ல் வந்த ஹெச்டிடிபி 1.0 ஆவணத்துல 'ரெஃபரர்'ங்கற ஆங்கிலச் சொல்லுல ஒரு 'ஆர்' விட்டுப்போச்சு. உலகத்து மென்பொருளெல்லாம் அதை நம்பி எழுதப்பட்டதால இன்னைக்கும் அந்தப் பிழையோடதான் இணையம் ஓடுது. பின்னாடி வந்த 'ரெஃபரர் பாலிசி'யில மட்டும் எழுத்து சரி!

நம்ம வீட்டுக் கதையும் உண்டு. யுனிகோடு ஆவணத்துல நம்ம ஆய்த எழுத்தோட அதிகாரப்பூர்வப் பெயர் 'விசர்கா'. அது வடமொழி எழுத்தோட பேர். ஒருமுறை வச்ச பெயரை மாத்துறதில்லைங்கறது யுனிகோடு கொள்கை. அதனால பக்கத்துல 'ஆய்தம்'னு ஒரு குறிப்பு போட்டதோட சரி. இனி எத்தனை தமிழாசிரியர் வந்து அழுதாலும் அந்தப் பெயர் மாறாது.

டொனால்ட் நூத் தன் புத்தகங்கள்ல பிழை கண்டுபிடிக்கறவங்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினவர். அச்சுப்பிழையா இருந்தாலும் சரி. (256 சென்ட், பதினாறு அடிமான எண்முறையில ஒரு டாலர்!) 2008-லிருந்து நிஜக் காசோலைக்குப் பதிலா ஒரு கற்பனை வங்கியோட சான்றிதழ். அதையும் சட்டம் போட்டு மாட்டி வைக்கறாங்க. எழுதினவரே 'பிழையைக் காட்டினா கடன்பட்டிருக்கேன்'னு சொல்றார் பாருங்க, அதுக்குத்தான் அந்த மதிப்பு.

நீங்களும் செய்யலாம். நிரல் எழுதத் தெரியணும்னு அவசியமில்லை. எந்தப் பக்கம், இப்போ இருக்கற வரி, இருக்க வேண்டிய வரி. மூணு தகவல் போதும். 'இது சின்னப் பிழைதானே'ன்னு மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. உங்களுக்கு அடுத்து அந்தப் பக்கத்துக்கு வர்றவங்க, தப்பு தன்கிட்டதான்னு நினைச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிடுவாங்க.