கும்மிடிப்பூண்டியில் ஒரு வெளிநாட்டு மாணவி

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் காலை நேரத்தில் ஏறினால், கொருக்குப்பேட்டை தாண்டும்வரை நிற்கத்தான் இடம் கிடைக்கும். எண்ணூரில் உப்புக்காற்று உள்ளே வரும். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். மீஞ்சூர் கழிந்து பொன்னேரிப் பக்கம் போகும்போது வயல்கள் தொடங்குகின்றன. கவரைப்பேட்டையில் கல்லூரிப் பிள்ளைகள் இறங்கியதும் பெட்டியில் பேச்சு மாறிவிடுகிறது. ஒடியா, போஜ்புரி, தெலுங்கு. இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளுக்கும் உலைகளுக்கும் ஷிப்டு மாறப் போகிறவர்கள் அவர்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா வந்துவிடும். ஆயிரம் மைல் கடந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் ஊர் விசாரித்துக்கொள்ளும் இந்த ரயில் எனக்குப் பிடிக்கும்.

நான் போனது சிப்காட் தொழிற்பேட்டைக்கு அல்ல, என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு. எங்கள் கல்லூரியில் ஒரு பருவம் ஐரோப்பாவில் படித்துவிட்டு வரும் மாணவர் பரிமாற்றத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, வகுப்பில் முதலாவதாக வருகிற அவள் படிவம்கூட வாங்கவில்லை. கேட்டேன். “பாஸ்போர்ட் கிடைக்காது மேடம். நாங்க கேம்ப்ல இருக்கோம். ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, அம்மா எல்லாப் பேப்பரையும் எடுத்து வெச்சிருக்காங்க” என்றாள்.

இந்தப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம்கள் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. மாநிலம் முழுக்க 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகவும், மதிப்பெண் வரிசையில் ஐம்பது பொறியியல் மாணவர்களின் கல்விச் செலவை ஏற்பதாகவும் அப்போதே அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் இன்னும் கேம்ப் என்றுதான் சொல்கிறார்கள். குடும்பத்தார் எல்லோரும் நேரில் நின்று காட்ட வேண்டிய ‘செக்கிங்’ நாளை வைத்தே அவர்கள் வேலையையும் விசேஷத்தையும் திட்டமிடுகிறார்கள்.

“வாங்கோ ரீச்சர், இந்த வெயிலுக்குள்ள வந்திருக்கிறியள்” என்று மாணவியின் அம்மம்மா கதவருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். திருகோணமலைக்காரர். 1990இல் படகேறி ராமேசுவரம் வந்து, மண்டபத்தில் பதிந்து, இங்கே அனுப்பப்பட்டவர். அவர் மகள் இங்கேதான் வளர்ந்தார், இங்கேதான் மணமுடித்தார். மருமகன் பெயிண்டிங் வேலைக்குச் சென்னைக்குப் போய் வருகிறார். பேத்தி பிறந்தது இந்த ஊர் அரசு மருத்துவமனையில். அவள் அம்மம்மாவிடம் ஒரு தமிழும் என்னிடம் ஒரு தமிழும் சிரமமில்லாமல் பேசினாள்.

அம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தார். முகாம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள். எல்லாம் தமிழ்நாடு அரசின் முத்திரை உள்ளவை. ஆனால் தேசியம் எழுதுமிடத்தில் ‘இலங்கை’. அந்த நாட்டை அவள் பார்த்ததில்லை. இலங்கைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைத் தூதரகத்தில் பதிந்தால்தான் குடியுரிமை உறுதிப்படும்; அதற்குப் பெற்றோரின் இலங்கை ஆவணங்கள் வேண்டும். அம்மாவின் பிறப்புச் சான்று, படகேறிய இரவில் விட்டுவந்த வீட்டோடு போய்விட்டது.

இந்தத் தாள்களைப் பார்த்தபடி எனக்கு 1987ஆம் ஆண்டு நினைவில் ஓடியது. அந்த ஜூன் மாதத்தில் ஐரோப்பிய நாடுகள் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தன. முதல் ஆண்டில் பதினொரு நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் எல்லை கடந்து படிக்கப் போனார்கள். இன்று அந்தக் கணக்கு லட்சங்களில். அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இந்தியாவில் ஒரு சட்டத்திருத்தம் அமலுக்கு வந்தது: அன்றுமுதல் இந்திய மண்ணில் பிறந்தால் மட்டும் குடியுரிமை இல்லை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் அது இன்னும் இறுகியது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய், 2022இல் பாஸ்போர்ட்டுக்கான உத்தரவைப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்திருந்தால் அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்காது.

பரிமாற்ற மாணவரை ஒரு நாடு அனுப்புகிறது, இன்னொரு நாடு ஏற்கிறது, திரும்பி வரும் தேதி சீட்டிலேயே இருக்கிறது. என் மாணவி பிறந்ததிலிருந்தே சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு மாணவி. அனுப்பியவர் யாருமில்லை, திரும்ப வேண்டிய ஊர் அம்மம்மாவின் பேச்சில் மட்டும் இருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நான் நினைத்தால் டிக்கெட் எடுத்து ஒரு பகலில் அக்கரை சேர்ந்துவிடலாம். இலங்கையர் என்று எழுதப்பட்ட அவளால் முடியாது. முகாமிலிருந்து போகிறவர்கள் பதிவை முடித்துக்கொண்டு ஒரேயடியாகத்தான் போகிறார்கள்.

2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறையின் ஆணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. ‘சட்டவிரோதம்’ என்ற அச்சம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. குடியுரிமை அதில் இல்லை.

குடியுரிமைக் கேள்வி தீரும்வரை இந்தப் பிள்ளைகளின் படிப்பு காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். வழி நம்மிடமே இருக்கிறது. இந்தியாவில் வாழும் திபெத்திய அகதிகளுக்கு ஒன்றிய அரசு ‘அடையாளச் சான்று’ என்ற பயணப் புத்தகத்தைத் தருகிறது. அவர்களின் பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ப் படித்துவிட்டுத் திரும்புகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்து, தமிழ்நாட்டுக் கல்லூரியில் முதலிடம் பெறும் ஒரு பெண்ணுக்கு அதே புத்தகத்தைத் தர முடியும். தர வேண்டும்.

மாலை வண்டிக்குக் கிளம்பும் முன், எல்லாத் தாள்களையும் நகலெடுத்துக்கொண்டேன். அடையாளச் சான்று கேட்டு மாணவியின் பெயரில் ஒரு மனுவும், கல்லூரி சார்பில் அதற்குப் பரிந்துரைக் கடிதமும் எழுதுவதென்று முடிவாயிற்று. மனுவின் முதல் வரியை அவளே எழுதுவதாகச் சொன்னாள். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் நேரமிருக்கிறது. படிவத்தை நான் இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன்.