கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பெண்

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பெண் நிற்கிறார். கழுத்து முதல் பாதம் வரை உடம்போடு ஒட்டிய ஒரே கறுப்பு உடை. கைகள் மட்டும் வெளியே தெரிகின்றன. பாவாடை இல்லை, மடிப்பு இல்லை. தோள்கள் விரிந்திருக்கின்றன. படம் எடுப்பவருக்காக வரவழைத்த நாணம் முகத்தில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் எடுத்த படம். பார்ப்பவர்கள் எல்லோரும் அந்த உடையைப் பற்றியே பேசுகிறார்கள். என் கண் கால்களில் நிற்கிறது.

படத்தில் இருப்பவர் நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மன். 1886இல் சிட்னியில் பிறந்தார். அப்பா வயலின் வாசிப்பார், அம்மா பிரெஞ்சு வம்சாவளிப் பியானோ கலைஞர். இசை நிறைந்த வீட்டில் அந்தச் சிறுமி மட்டும் எஃகுச் சட்டம் பூட்டிய கால்களோடு நடந்தாள். கால்களில் வலு ஏறட்டும் என்று ஆறு வயதில் நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார்கள். தண்ணீரைக் கண்டு பயந்து அழுதவளாம். பதின்மூன்று வயதுக்குள் கால்கள் நேராயின. 1902இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பெண்கள் நூறு கஜப் போட்டியிலும் ஒரு மைல் போட்டியிலும் அவர்தான் சாம்பியன்.

பிறகு மெல்போர்ன். அங்கே ஒரு மீன் காட்சியகத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் மீன்களோடு நீந்திக் காட்டினார், நாளுக்கு இரண்டு காட்சி. வீட்டில் பணமுடை. கண்ணாடிக்கு வெளியே கூட்டம் நின்று பார்த்தது. உள்ளே இருந்தவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1905இல் தந்தையோடு இங்கிலாந்துக்குப் போனார். தேம்ஸ் நதியில் பட்னி தொடங்கி பிளாக்வால் வரை பதின்மூன்று மைலுக்கு மேல் நீந்தினார். ஆங்கிலக் கால்வாயை மூன்று முறை முயன்றும் கடக்க முடியவில்லை. பாரிசில் சேன் நதிப் போட்டியில் ஆண்களோடு நீந்தி முன்வரிசையில் முடித்தார். லண்டனில் அரச குடும்பத்தார் முன் நீந்தும் நாள் வந்தபோது, வெறுங்காலோடு நீருக்குள் இறங்கக் கூடாது என்றார்கள். ஆண்பிள்ளைகளின் நீச்சல் உடையோடு நீண்ட காலுறைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டு இறங்கினார். படத்தில் நாம் பார்க்கிற உடை அப்படிப் பிறந்ததுதான். பாஸ்டன் அருகே ரிவியர் கடற்கரையில் இதே மாதிரி உடையில் நின்றதற்காகக் கைதானதாக அவர் பிற்காலத்தில் சொன்னார். அந்தக் காலத்தில் மற்றப் பெண்கள் கம்பளித் துணியில் சட்டையும் பாவாடையும் காலுறையும் அணிந்து கடலில் இறங்கினார்கள். நனைந்த துணியின் பாரமே ஆளை அமிழ்த்திவிடும். அந்த உடையில் கரையோரம் நிற்கலாம், கயிற்றைப் பிடித்துக் குதிக்கலாம், நீந்தத்தான் முடியாது. பெண்களுக்கு நீச்சல் வராது என்று சொன்னவர்கள் இந்தத் துணியைக் கணக்கில் எடுத்ததே இல்லை.

சினிமா அவரைச் சேர்த்துக்கொண்டது. 1914இல் 'நெப்டியூன்ஸ் டாட்டர்' படப்பிடிப்பில் கண்ணாடித் தொட்டி வெடித்து அவரும் இயக்குநர் ஹெர்பர்ட் பிரெனனும் காயப்பட்டார்கள். ஜமைக்காவில் எடுத்து 1916இல் வெளியான 'எ டாட்டர் ஆஃப் தி காட்ஸ்', பத்து லட்சம் டாலர் படம் என்று விளம்பரமானது. அதன் பிரதி இன்று இல்லை. 1924இல் வந்த 'வீனஸ் ஆஃப் தி சவுத் சீஸ்' பிழைத்திருக்கிறது. அதில் முப்பத்தேழு வயதுப் பெண், மூச்சை அடக்கியபடி நீருக்கடியில் நீந்துகிறார். கதை ஒன்றும் பெரிதில்லை. அவர் நீருக்குள் போனதும் கதையை மறந்துவிடுகிறோம். நிலத்துக் காட்சிகளில் நடிகை, நீருக்குள் நடிப்பே தேவைப்படாதவர்.

இவ்வளவையும் பார்த்த பிறகு 1918இல் வெளியான 'ஹவ் டு ஸ்விம்' நூலுக்கு வருகிறேன். அதே ஆண்டில் உடல் அழகைப் பேணுவது பற்றியும் ஒரு நூல் எழுதினார். அது அந்தக் காலத்துச் சந்தைக்கானது, எனக்கு ஒட்டவில்லை. நீச்சல் நூல் அப்படியல்ல. தன் கால்களின் கதையையும் அதில் சொல்கிறார், கை வீச்சுகளையும் குதிப்பையும் படிப்படியாகக் கற்றும் கொடுக்கிறார். பெண்ணுக்கு ஏற்ற விளையாட்டு நீச்சலே என்று வாதாடுகிறார். நீருக்குப் பொருந்தாத உடைகளின்மேல் அவருக்கு இருக்கும் கோபம் உண்மையானது, அந்தப் பாரத்தைச் சுமந்து பார்த்தவரின் கோபம். உலகம் அவர் உடம்பை அளந்துகொண்டிருந்தது. ஹார்வர்டின் டாக்டர் சார்ஜென்ட் அளவுநாடா பிடித்து, குறையில்லாத பெண் உடல் என்று சான்று கொடுத்தார். அந்தப் பட்டத்தை விளம்பரத்துக்கு அவரும் பயன்படுத்திக்கொண்டார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது கையில் வந்தபின் அவர் எழுதியது, தண்ணீரைக் கண்டு பயந்து கரையில் நிற்கிற ஒருத்திக்காக. 1926இல் தென்கடல் தேவதைக் கதைகளும் எழுதினார்.

அவர் வாழ்க்கையை 1952இல் ஹாலிவுட் படமாக்கியது, எஸ்தர் வில்லியம்ஸ் நடித்தார். அனெட் 1975இல் ஆஸ்திரேலியாவில் இறந்தார். 'அழகி' என்றும் 'கடற்கன்னி' என்றும் அவரை எழுதிய கட்டுரைகள் எத்தனையோ. ஆசிரியை என்று யாராவது எழுதியிருக்க வேண்டும். காலுறை தைத்தது, தொட்டிக்குள் இறங்கியது, புத்தகம் எழுதியது மூன்றும் அந்த வேலையின் பகுதிகளாகவே எனக்குத் தெரிகின்றன.