எக்கியார்குப்பத்து மணலில் ஒரு லாரி

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? அப்படியானால் மரக்காணத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், பஸ் ஜன்னல் வழியாக. கண்ணாடிச் சில்லுகளைப் பரப்பி வைத்தாற்போல் உப்புப் பாத்திகள், நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். "இதென்ன, வெயில் காலத்தில் பனி மலையா?" என்று குழந்தை கேட்கும். நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஊரைத் தாண்டிவிடும்.

இந்தத் தடவை அந்த பஸ்ஸை விட்டு இறங்கி என்னோடு கடல் பக்கம் வாருங்கள். எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊருக்குப் போவோம். 2023 மே மாதத்தில் விஷச் சாராயத்தால் நேர்ந்த சாவுகளையொட்டி இந்தப் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் அடிபட்டது. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்த ஊரைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் நான் போன அன்று அங்கே பேச்செல்லாம் ஒரு லாரியைப் பற்றியே இருந்தது.

மணலில் பின் சக்கரம் பாதி புதைந்து, ஆறு சக்கர லாரி ஒன்று சற்றே மல்லாந்தாற்போல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. நாலு பேர் பலகை போட்டார்கள். எட்டுப் பேர் யோசனை சொன்னார்கள். கடைசியில், படகு இழுக்கும் டிராக்டர் ஒன்று வந்து சங்கிலி மாட்டி இழுத்துவிட்டது. ஐஸ் ஏற்றி வந்த வண்டி. அதற்குள் ஐஸில் ஒரு பங்கு தண்ணீராகி மணலில் இறங்கிவிட்டது.

லாரிக்குச் சொந்தக்காரரே டிரைவர். ஐம்பது வயது இருக்கும். உப்புக் காலத்தில் அளத்திலிருந்து மூட்டை ஏற்றுவார், மற்ற நாட்களில் ஐஸும் மீனும். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பத்திரிகைக்காரருன்னு சொல்றீங்க. ஒரு சந்தேகம். மிலிட்டரி லாரிக்கு முன் சக்கரமும் சேர்ந்து இழுக்குதாமே? அந்த போர் வீல் டிரைவை என் வண்டிக்கும் பண்ணிட்டா என்ன?"

கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. மறுநாள் புதுச்சேரியில் வெள்ளம் சூழ்ந்த வீடுகளிலிருந்து ஜனங்களை மீட்க ராணுவம் வந்தது. அந்தச் சமயத்தில் ரோட்டுக்குப் போக முடியாமல் தம் லாரி நாட்கணக்கில் சும்மா நின்றதை மனிதர் மறக்கவில்லை. வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லையே!

உப்பு வண்டி புதைவது நேற்று இன்று ஏற்பட்ட சங்கடமல்ல. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் உப்பு விற்ற உமணர்கள் மாட்டு வண்டிகளில் மேடும் பள்ளமும் கடந்து உள்நாடு போவார்கள். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது? வண்டிக்கு அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டே புறப்பட்டார்கள். 'சேம அச்சு' என்று அதற்குப் பெயர். அதியமானின் மகனை ஒளவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. நம் 'ஸ்டெப்னி'க்குப் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பிற்பாடு பக்கிங்ஹாம் கால்வாய் வந்தது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை சுமார் 800 கிலோமீட்டர். உப்பு படகில் ஏறிப் போயிற்று. படகு மணலில் புதையாது. இப்போது எல்லாம் லாரிதான்.

சரி, லாரிக்காரரின் கேள்விக்கு வருவோம். திண்டிவனத்தில் பழுத்த அனுபவமுள்ள ஒரு பட்டறைக்காரரைப் பிடித்தேன். அவர் சொன்னதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சாதாரண லாரியில் என்ஜினின் பலம் கியர் பாக்ஸ் வழியாக, ஜாயிண்ட் ஷாப்ட் வழியாக, பின் அச்சுக்கு மட்டும் போகிறது. முன் சக்கரங்கள் வழி காட்டுவதோடு சரி. பாரம் ஏற்றிய லாரியில் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சின்மேல் விழும். ஆகவே தார் ரோட்டில் கவலையில்லை. மணலில் கதை வேறு. முன் சக்கரம் கலப்பைபோல் மணலைக் குவித்துத் தனக்கு முன்னால் தானே ஒரு மேடு கட்டிக்கொள்கிறது. அந்த மேட்டையும் சேர்த்துப் பின் சக்கரம் தள்ளியாக வேண்டும். தள்ள முடியாதபோது சும்மா சுழன்று குழி பறிக்கிறது. முன் சக்கரமும் தானாகச் சுழன்றால் மேட்டைத் தள்ளாது, அதன்மேல் ஏறிவிடும். போர் வீல் டிரைவின் ரகசியம் இவ்வளவே.

ஆனால் அதைப் பொருத்தப் புகுந்தால், கோவணத்தை எலியிடமிருந்து காப்பாற்றப் பூனை வளர்த்த சாமியாரின் கதைதான். பூனைக்குப் பால் வேண்டும், பாலுக்குப் பசு வேண்டும், பசுவை மேய்க்க ஆள் வேண்டும்!

முதலில், பலத்தை முன்னும் பின்னுமாகப் பிரிக்க ஒரு 'டிரான்ஸ்பர் கேஸ்' வேண்டும். அதிலிருந்து முன்னால் ஓட இன்னொரு ஷாப்ட். பிறகு முன் அச்சையே கழற்றி எறிந்துவிட்டு, நடுவில் கிரௌன் பினியன் உள்ள புது அச்சைப் போட வேண்டும். முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், திரும்பியபடியே சுழலவும் வேண்டுமல்லவா? சாதாரண ஜாயிண்டைக் கோணலாக வைத்துச் சுற்றினால் வேகம் ஒரே சீராக வராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை கூடிக் குறையும், ஸ்டீயரிங் உதறும். இதற்கென்றே வேகம் மாறாத ஜாயிண்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அல்பிரட் ரிஸெப்பா என்பவர் 1920களில் உருண்டைக் குண்டுகள் வைத்துச் செய்த ஜாயிண்டின் வம்சம்தான் இன்று பல கார்களின் முன் சக்கரத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

இதோடு தீர்ந்ததா? முன் கிரௌன் பினியனின் பல் கணக்கு பின்னாலிருப்பதோடு அச்சாக ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரம் ஒரு வேகம் கேட்கும், பின் சக்கரம் ஒரு வேகம் கேட்கும். நடுவில் ஷாப்ட்தான் முறுக்கேறி உடையும். அப்புறம், புது அச்சின் குடம் என்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்கு நேர் கீழே வருகிறது. பள்ளத்தில் வண்டி குதித்தால் இரண்டும் மோதும். ஆகவே ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியைத் தூக்க வேண்டும். தூக்கினால் ஷாப்டின் சாய்வு கூடும், ஸ்டீயரிங் கம்பியின் கோணம் மாறும், வளைவில் வண்டி சாய்கிற பயம் அதிகம். பின்னால் இரட்டை டயர், முன்னால் ஒற்றை டயர் என்பதும் மணலுக்கு ஆகாது. முன் டயர் போட்ட தடத்தில் பின் டயர் அடங்காமல் புது மணலைக் கிழிக்கும். ராணுவ லாரிகளில் பெரும்பாலும் பின்னாலும் பெரிய ஒற்றை டயரே இருப்பது இதனால்தான். இத்தனை இரும்பும் சேர்ந்து வண்டியின் எடை பல நூறு கிலோ கூடும். அத்தனை கிலோ உப்பைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்!

இப்படி மாற்றிச் சம்பாதித்தவர்களே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் 1931ல் தொடங்கிய மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி, போர்டு லாரிகளை வாங்கி முன் அச்சுக்கும் இழுப்புக் கொடுத்து விற்றது. ஆனால் அவர்கள் ஒரு வண்டிக்காகச் செய்யவில்லை. அச்சு, பெட்டி, பட்டை எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வார்த்து, தொகுப்பாக வைத்திருந்தார்கள். நம் நாட்டில் ஜபல்பூரில் ஜெர்மானிய மான் கம்பெனியின் உரிமத்தோடு செய்த 'சக்திமான்' லாரி பிறவியிலேயே போர் வீல். பின்னர் வந்த 'ஸ்டாலியன்' நம் அசோக் லேலண்டுடையது. 1948ல் தோன்றி, எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிய அதே ஸ்தாபனம்தான்.

"நம்ம ஆட்களுக்குக் கை வேலை தெரியாதுன்னு நினைக்காதீங்க சார்," என்றார் பட்டறைக்காரர். "ராணுவத்தில் கழிச்ச வண்டியோட அச்சு கிடைச்சா மாட்டிக் காட்டுவேன். அதுக்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் யார் நிக்கிறது?"

நியாயமான கேள்வி. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அனுமதியில்லாமல் மாற்றிய லாரி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் பணம் வருமா என்பதும் சந்தேகம். ஒரே ஒரு லாரியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் எடுக்கக்கூடிய துணிச்சலா இது?

உப்புக் காற்றை வேறு மறந்துவிடக் கூடாது. இந்தக் கரையில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிறது. முன் சக்கரத்து ஜாயிண்டைக் காக்கும் ரப்பர் உறை எங்கேனும் கிழிந்து, உப்புத் தண்ணீரும் மணலும் உள்ளே புகுந்தால் அரைக்கும் கல்லும் மாவும் கதைதான்.

இவற்றையெல்லாம் நான் மறுபடி எக்கியார்குப்பம் போய் லாரிக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிற்று. மணலில் இறங்குமுன் டயர் காற்றைப் பாதியளவு குறைத்தால் டயர் அகன்று மிதக்கும் என்று பட்டறைக்காரர் சொன்ன யோசனையையும் சொன்னேன். அப்போது மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். தார் ரோட்டில் வேகம் எடுக்குமுன் மறுபடி முழுக் காற்று அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். ஏர் பிரேக் உள்ள லாரியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஒரு குழாயும் அளவுமானியும் இருந்தால் போதும்.

"அதைச் செஞ்சு பாக்கலாம்," என்றார். "ஐஸை ரோட்டிலேயே இறக்கி டிராக்டரில் மாத்திக்கிறதுக்கும் வாடகை பேசியிருக்கேன். லாரி புதைஞ்சா ஆகிற செலவை நினைச்சா அது கொஞ்சம்தான்."

லாரியைச் சுற்றி ஒரு முறை வந்தார். முன் சக்கரத்தைக் காலால் ஓர் உதை உதைத்தார்.

"ஆனாலும் தம்பி, மிலிட்டரியில் கழிச்ச வண்டிங்களை ஏலம் விடுவாங்களாமே? பட்டணம் போனதும் எங்கே, எப்போன்னு விசாரிச்சு ஒரு கடுதாசி போடுங்க."