இறுகிய விரல்கள்

மார்கழி மாதத்து விடியற்காலை. எங்கள் மேச்சேரிக் கோயிலுக்குத் திருப்பலி காண வந்த அம்மையார் ஒருவர், வாயிலில் இருந்த தீர்த்தத் தொட்டியில் விரல்களை நனைத்தார். அவை சுண்ணாம்பென வெளுத்து, பின்னர் நீலம் பாரித்தன. நற்கருணை வாங்க வந்தபோது அவரால் வாயை நன்கு திறக்கவும் இயலவில்லை. கைத்தோல் மத்தளத் தோலைப் போல் மினுமினுத்து இறுகியிருந்தது. மேச்சேரி ஆட்டுக்குப் பெருமை தருவது அதன் தோல். அவ்வூரிலேயே ஒரு மனிதப் பிறவியின் தோல் இப்படியும் ஆகுமோ என்று திகைத்தேன்.

"பெருவியாதி என்று ஊரார் ஒதுங்குகிறார்கள், சாமி" என்று கண்கலங்கினார். "சிலுவையைப் பொறுமையோடு சுமந்துகொள்ளம்மா" என்று கூறி அனுப்பிவிட்டேன். சில மாதங்களில் மூச்சிரைப்பும் கண்டது. நான் சொன்ன வார்த்தையே அப்போது என் நெஞ்சைச் சுட்டது. பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அன்றே ஏற்பாடு செய்தேன்.

அன்பர்களே, இது தொழுநோயன்று, பிறருக்குத் தொற்றுவதுமன்று. இதன் பெயர் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலை எதிர்த்தெழுகின்றது. அதனால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, தோலும் உள்ளுறுப்புகளும் தழும்பேறி இறுகுகின்றன.

அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. ஆயினும் பாதிக்கப்பட்ட உறுப்புக்கேற்ற சிகிச்சை உண்டு. விரல் வெளுப்புக்கு இரத்தக் குழாயை விரிக்கும் நிபெடிபின். நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. நுரையீரல் தழும்புக்கு மைகோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு ஆகியன. 2019 முதல் நின்டெடானிப்பும் சேர்ந்துள்ளது. நோய் முற்றிப் பரவும் சிலருக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை உண்டு. அதில் உயிராபத்தும் உண்டு.

முற்காலத்தில் இந்நோயால் சிறுநீரகம் திடீரெனப் பழுதுபட்டவர் பிழைப்பது அரிது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்த காப்டோப்ரில் என்னும் மருந்து, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நிலையை மாற்றிற்று. பாலைவனத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பு நினைவுக்கு வருகிறதல்லவா? ஆகவே இரத்த அழுத்தத்தைத் தவறாது பார்த்தல் வேண்டும். கடையில் தாமே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குதல் கூடாது. அதன் மிகுதி சிறுநீரகத்திற்குக் கேடு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித்துறை உண்டு. காலந்தாழ்த்தாது செல்வதே நன்று.

அம்மையார் முற்றும் குணமடையவில்லை. ஆனால் மூச்சிரைப்பு தணிந்திருக்கிறது. கம்பளிக் கையுறையோடு இன்றும் கோயிலுக்கு வருகிறார். சிலுவையைச் சுமக்கச் சொல்வது எளிது. சீரேனே ஊர் சீமோனைப் போலத் தோள் கொடுப்பதே கடினம். மார்கழியில் தீர்த்தத் தொட்டிக்கு இப்போது வெந்நீர் கலந்தே ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.