திருவிழாவும் ராட்டினத் தூரியும்

திருவிழா என்றவுடன் நம் சிறுவர் சிறுமியரின் உள்ளத்தில் முதலில் தோன்றுவது யாது? கொடிமரமா? தேர்ப்பவனியா? ஆலயத் திடலில் ஓங்கி நிற்கும் ராட்டினத் தூரியே! இது கண்டு பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். "பக்தி போய்க் கேளிக்கை வந்துவிட்டதுங்க சாமி" என்று நம்மிடம் முறையிடுவோரும் உளர். அவர்களது கவலையை நாம் எளிதாய்த் தள்ளிவிடவில்லை. எனினும், பக்தியும் களிப்பும் ஒன்றுக்கொன்று பகைதாமா என்று சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

இலத்தீன் மொழியில் 'ஃபெரியா' என்னும் சொல்லுக்குத் திருநாள் என்பது பொருள். ஆங்கிலேயர் சந்தைக்கும் களியாட்டத் திடலுக்கும் வழங்கும் 'ஃபேர்' என்ற சொல் அதனின்றே பிறந்தது. அப்போஸ்தலரான புனித பர்த்தலோமேயுவின் திருநாளையொட்டி, 1133-ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்று இலண்டன் மாநகரில் நடந்த சந்தை, 1855 வரை எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. துணி வணிகத்தோடு கழைக்கூத்தும் பொம்மலாட்டமும் அங்கே இடம்பெற்றன. நம் கொங்கு நாட்டிலும் இதுவே வழக்கம். ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி விழாவுக்குக் குதிரையும் மாடும் வந்து குவிகின்றன. அவற்றைத் தொடர்ந்து தூரிகளும் வருகின்றன. மக்கள் இறைவனை நாடித் திரளும் இடத்தில், மகிழ்ச்சியும் பந்தலிட்டு அமர்கின்றது.

புனித தொன் போஸ்கோவை நினைவுகூர்வோம். இத்தாலி நாட்டின் பெக்கி என்னும் சிற்றூரில், பத்து வயதளவில், சந்தைகளுக்குச் சென்று வித்தைக்காரரின் வித்தைகளைக் கூர்ந்து நோக்கிக் கற்றார் அவர். பின்பு ஊராரைக் கூட்டி, செபமாலை சொல்லி, கோவிலில் கேட்ட பிரசங்கத்தை ஒப்புவித்த பின்னரே கயிற்றின்மேல் நடந்து காட்டினார். களிப்பு அவர் கையில் ஆன்மாக்களை ஈர்க்கும் வலையாயிற்று.

ஆகவே, நாம் கவலைகொள்ள வேண்டியது தூரியைப் பற்றியன்று. அதைச் சுழற்றும் மனிதரைப் பற்றியே. நம் பங்குத் திருவிழாவுக்கு வந்த தூரிக்காரர் ஒருவரோடு ஓரிரவு உரையாடினோம். தார்ப்பாயின் கீழ் உறக்கம்; மழை பெய்தால் வருவாய் இல்லை; திடல் வாடகை மட்டும் நிற்பதில்லை. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றால் விழாக்கள் நின்றபோது, இரும்புச் சக்கரம் ஒரு தோட்டத்து மூலையில் துருவேறிக் கிடக்க, அவர் செங்கற் சூளையில் கூலி வேலை செய்தாராம். அருகே அவருடைய மகள், ஒன்பது வயதிருக்கும், நாணயங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பள்ளி எங்கே என்று வினவினோம். "மாசத்துக்கு ஓர் ஊருங்க சாமி, எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறது?" என்றார்.

அதற்கு விடை உண்டு. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. பிறப்புச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்பதற்காகவும், ஆண்டின் இடையில் வந்தனர் என்பதற்காகவும் சேர்க்கை மறுக்கலாகாது. இதை அவருக்கு எடுத்துரைத்தோம். ஆனால் சட்டம் தானே நடந்து கூடாரத்துக்குள் வராது. யாரேனும் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இரக்கத்தின் ஆண்டாகிய 2016-இல் ஜூன் 16 அன்று, சர்க்கஸ் கலைஞரையும் ஊர்தோறும் செல்லும் கேளிக்கைத் தொழிலாளரையும் உரோமையில் வரவேற்றார். அவர்களைக் கொண்டாட்டத்தையும் வியப்பையும் அழகையும் படைக்கும் கைவினைஞர் என்று போற்றினார். அவர்தம் தேவைகளில் கருத்தூன்றுமாறு பங்குகளையும் தூண்டினார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, அடுத்த திருவிழாவுக்கு நாம் செய்யத்தக்கவை எளியவை. திடல் வாடகையை அளவாக வைப்போம். சக்கரத்தின் திருகாணிகளையும் மின்கம்பிகளையும் அறிந்தவர் கொண்டு முன்னரே சோதிப்போம். திருவிழா விருந்தில் அவர்களுக்கும் இலை போடுவோம். அவர்களின் பிள்ளைகளைப் பற்றித் தலைமையாசிரியரிடம் நாமே பேசுவோம். அந்நியரை ஏற்றுக்கொண்டோமா என்று ஆண்டவர் கேட்கும் நாள் ஒன்றுண்டு அன்றோ?

நம் பிள்ளைகளை உயரத் தூக்கி வானத்தைக் காட்டுகின்றனர் இவர்கள். இவர்களின் பிள்ளைகள் கீழே நின்று சீட்டுக் கிழித்துக்கொண்டே வளர்வதை நாம் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது.