பதவி வருமுன் வேலையைத் தொடங்குங்கள்

தம்பி, தங்கைகளே,

"புராடக்ட் மேனேஜர் ஆகணும், எந்த கோர்ஸ் படிக்கலாம்?" மென்பொருள் துறையில் முடி நரைத்த எங்களைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் கேட்கும் கேள்வி இது. படியுங்கள், நல்லதுதான். ஆனால் சான்றிதழை நம்பி எவரும் ஒரு புராடக்டை உங்கள் பொறுப்பில் விடமாட்டார்கள். அனுபவம் கேட்கிறார்கள், வேலை கிடைக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று நீங்கள் தவிப்பதும் நியாயமே. இந்த முடிச்சு அவிழ ஒரு வழி உண்டு: பதவி வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்யத் தொடங்குவது.

இந்தத் தொழிலின் தொடக்கமே அப்படித்தான். அமெரிக்காவில் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பு விளம்பரங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் நீல் மெக்எல்ராய். ஒவ்வொரு பிராண்டையும் முழுப்பொறுப்பாகப் பார்க்கத் தனி ஆள் வேண்டும்; எந்த வட்டாரத்தில் விற்பனை குறைகிறது, ஏன் குறைகிறது என்று அந்த ஆளே கடைக்காரர்களிடமும் வாங்குபவர்களிடமும் நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்று 1931 மே மாதம் மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். இன்றைய புராடக்ட் மேனேஜர் வேலையின் வேர் அந்தக் குறிப்புதான். அதை எழுதும்போது அப்படியொரு பதவி அவருக்கு இல்லை.

நம்மூர் உதாரணமும் சொல்கிறேன். பில்லிங் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் கஸ்டமர் சப்போர்ட்டில் இருந்தாள் ஒரு பெண். "போட்ட பில்லை எப்படி ரத்து செய்வது?" என்று ஓயாமல் டிக்கெட் வரும். வழிமுறையை அனுப்பிவிட்டு அடுத்ததைப் பார்ப்பதுதான் வழக்கம். அவள் மட்டும், "ஏன் ரத்து செய்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டாள். பலர் சொன்ன பதில் ஒன்றே: வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து தவறிவிட்டது, அவருக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு, வராது.

ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகளும் எண்களும் இருக்கும். கடைசி ஒன்று, முந்தைய 14ஐ வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்புக் குறி. அதனால் தட்டச்சுப் பிழையைப் பெரும்பாலும் தட்டும்போதே மென்பொருளால் பிடித்துவிட முடியும். இதை அவள் ஒரே பக்கத்தில் எழுதி டெவலப்பர்களிடம் கொண்டுபோனாள். எண்ணை உள்ளிடும் இடத்திலேயே பிழையைக் காட்டும் வசதி வந்தது, டிக்கெட்டுகள் குறைந்தன. அடுத்து புராடக்ட் குழுவில் இடம் காலியானபோது முதலில் நினைவுக்கு வந்தது அவள் பெயர்தான்.

அந்த ஒரு பக்கத்தை எழுதப் பழகுங்கள். யாருக்குச் சிரமம், எத்தனை பேருக்கு, இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், என்ன மாற்றலாம், மாற்றியது பலன் தந்ததா என்று எதைப் பார்த்து அறிவது, இப்போதைக்கு எதைச் செய்யப்போவதில்லை. ஆறே கேள்விகள். எத்தனை பேருக்கு என்று யாரிடமும் கெஞ்சாமல் நீங்களே எண்ணிப் பார்க்கும் அளவுக்கு எஸ்க்யூஎல் கற்றுக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் "ஒரு ஆப்பைச் சொல்லுங்கள், எப்படி மேம்படுத்துவீர்கள்?" என்று கேட்டால், ஃபீச்சர்களை அடுக்கத் தொடங்காமல், அதை யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதிலிருந்து பேசுங்கள். கேட்பவர் காத்திருப்பது அதற்குத்தான்.

கல்லூரியிலிருந்து நேரே எடுக்கும் நிறுவனங்களும் உண்டு. கூகுள் 2002இல் இளம் பட்டதாரிகளுக்கென்றே அசோசியேட் புராடக்ட் மேனேஜர் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் குறைவு. டெஸ்டிங், சப்போர்ட், சேல்ஸ், டெவலப்மென்ட் என்று எதில் இருந்தாலும் அங்கிருந்தே வாருங்கள். வாடிக்கையாளரின் குரலை அன்றாடம் கேட்ட காது பெரிய மூலதனம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பெயரில் மேனேஜர் இருந்தாலும், டெவலப்பரோ டிசைனரோ பெரும்பாலும் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்லர். அதிகாரத்தால் எதையும் நடத்த முடியாது. காரணம் சொல்லித்தான் இணங்கவைக்க வேண்டும். நல்லது நடந்தால் பெயரைக் குழுவுக்குக் கொடுங்கள், கெட்டது நடந்தால் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவரோடு வேலை செய்ய எல்லோரும் விரும்புவார்கள்.

யாராவது அழைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சிரமத்தைப் பொறுமையாகக் கேட்டு, அந்த முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.