பாண்டியில் ஜூலை தீபாவளி!

"பாண்டிச்சேரி போறேன்" என்றாலே ஆபீஸில் ஒரு மாதிரி சிரிப்பார்கள். "வாணவேடிக்கை பார்க்க ஸார்" என்றேன். மேனேஜர் இன்னும் பலமாகச் சிரித்தார். லீவு லெட்டரில் வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நிஜமாகவே வேடிக்கைதான்! ஜூலை 14, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினம். 1789-ல் பாரிஸ் ஜனங்கள் பாஸ்டில் கோட்டையைப் பிடித்த நாள். அதற்குப் பாண்டியில் ஏன் வெடி? 1962-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, 'நாங்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இங்கே உண்டு. பாஸ்போர்ட் பிரெஞ்சு; சண்டை, சமாதானம் எல்லாம் தமிழில்!

கொரோனாவுக்கு முந்தைய ஒரு வருஷம் அது. நண்பன் வீட்டில் தங்கினேன். அவனுடைய தாத்தா 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வார்கள். அல்ஜீரியா யுத்தம் பார்த்தவர். 13-ம் தேதி சாயங்காலம் பழைய சொல்தாக்கள் காகித விளக்கோடு ஊர்வலம் போவது வழக்கம். தாத்தாவுக்கு மூட்டு வலி. மெடல் குத்திய கோட்டு மட்டும் தயாராக ஆணியில் தொங்கியது. நாங்கள் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் ராத்திரி கடற்கரைச் சாலை. சாயங்காலமானால் அங்கே வண்டிகளுக்குத் தடை. மணல் இருக்க வேண்டிய இடத்தில் கருங்கல் பாறைகள். அதன்மேல் ஏறி இடம் பிடித்தோம். முதல் உலகப் போரில் செத்த வீரர்களின் நினைவுச் சின்னம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் காந்தி சிலை. முதல் வாணம் சீறிக்கொண்டு போய்க் கடலுக்கு மேல் பூவாய் வெடித்தது. அலையெல்லாம் பச்சை, சிவப்பு! கடல் காற்று கரைப் பக்கம் வீச, புகை பூராவும் எங்கள் மூஞ்சியில். ஒரு குழந்தை அழ, அதன் அப்பா மட்டும் கைதட்டிக்கொண்டே இருந்தார்.

வீடு திரும்பி தாத்தாவிடம் கை காலை ஆட்டி வர்ணித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது கெடக்கட்டும் தம்பி. நேத்து ஊர்வலத்துல சொல்தாங்க எத்தினி பேரு?"

எண்ணவில்லையே! நண்பன், "நிறைய பேரு தாத்தா" என்று சமாளித்தான். அவர் விடவில்லை. செல்போனை வாங்கி, கண்ணாடி போட்டு, முகம் முகமாக விரல் வைத்து எண்ணினார். இரண்டு கை விரலுக்குள் முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். யாரையோ தேடுகிறார் என்று புரிந்தது. கேட்கத் தைரியமில்லை.

போனைத் திருப்பித் தந்தார்.

"அடுத்த வருசம் என்னைத் தூக்கிக்கினாவது போயிடுங்கடா!"